மஞ்சள் குரோட்டன் நின்ற சரிவு

மாலை நாலு பத்து. மண்டபத்து விளக்குகளை அணைத்ததும் திரையில் முதலில் தெரிந்தது ஒரு மலையின் இடது பாதி. வலது பாதி பக்கத்துச் சுவரில் விழுந்திருந்தது. யாரோ எழுந்து போய் புரொஜெக்டருக்கு அடியில் இரண்டு பழைய சஞ்சிகைகளைச் செருகினார். மலை மெல்ல நகர்ந்து திரைக்குள் வந்தது. எதிர்மலையிலிருந்து, மூடுபனி நேரத்தில் எடுத்த படம். உச்சியில் கரும்பாறை, அதற்குக் கீழே செடிகள் அடர்ந்த ஒரு சரிவு, பிறகு தேயிலை, எல்லாவற்றுக்கும் அடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகள்.

பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தா மிஸ். அங்கனதான்."

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்த மண்டபம். கல்யாணப் பதிவுகளும், செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடும் நடக்கும் இடம். அன்று ஒரு பொதுக் கலந்துரையாடல். மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு மேலே உள்ள பாறையைக் கருங்கல் குவாரிக்கு விடுவதா இல்லையா என்பது கேள்வி. சூழல் அறிக்கை வெளியாகி, மக்கள் கருத்துச் சொல்லும் காலம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் கூடினால்தான் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று ஒரு சூழல் அமைப்பு இதை ஒழுங்கு செய்திருந்தது. சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும் தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் சொல்வதற்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் நான் அதிகம் செய்தது அதுதான். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்வது.

அவளை அழைத்து வந்ததும் நான்தான். அவளாகக் கேட்டு வந்தாள் என்பதே சரி.

அவளை எனக்குப் பத்திரிகை அலுவலக நாட்களிலிருந்து தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் அதையொட்டிய சமையல் இடமும் அவளுக்கு. அங்கிருந்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கொடுப்பாள். எங்கள் மேசைக்கு வருகிறவை எல்லாவற்றிலும் அந்தப் பார்சல்தான் நேரத்துக்கு வந்தது. நான் வேலையை விட்ட பிறகும் மாதத்தில் ஒரு நாளாவது கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். என்னைவிட நிறைய இளையவள். கேட்டால் மட்டும் பதில் சொல்கிற ஆள். மலையைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்வாள்.

திரையில் தெரிந்த லயத்தில் பிறந்து, அதே லயத்தில் கல்யாணம் கட்டியவள் அவள். ஒரு பெண் குழந்தை. கொழுந்து பறித்துக் கிடைக்கிற சம்பளம் போதாமல், குழந்தையை மாமனார் மாமியாரிடம் விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு சமையல் கட்டுக்கு வேலைக்கு வந்தாள். குழந்தைக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் தொலைபேசி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் பஸ் ஏறினாள். மழை. வழியில் மண் சரிந்து பாதை அடைத்திருந்தது. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. சின்னப் பிள்ளையின் உடலை இரவு தாண்டி வைத்திருப்பதில்லை என்பது அங்கே வழக்கம்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை என்பதும் வழக்கம். ஆகவே மறுநாளும் அவள் மேலே போகவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலி ஒன்று இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் இடுகாட்டுச் சரிவு முழுவதும் தெரியும். மாமியார் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டினார். சிவப்புக் குரோட்டனுக்கு வலப்பக்கம், செம்பருத்திக்குக் கீழே, புதிதாக நட்ட ஒரு மஞ்சள் குரோட்டன்.

தோட்டத்தில் கல்லறை கட்டுவதற்கு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், சீமெந்துக்கும் பணம் வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் புதைத்த இடத்தில் ஒரு செடியை நட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுக்குச் செம்பருத்தி, ஒரு வீட்டுக்குச் சிவப்புக் குரோட்டன், ஒரு வீட்டுக்குப் பிச்சிப்பூ. பீலியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிற பெண்களுக்கு அந்தச் சரிவில் யார் எங்கே என்பது தெரியும். அருகில் போகாமலே தெரியும். மஞ்சளில் ஒன்றுதான் நின்றது.

"வருசம் ரெண்டு தடவ போவேன் மிஸ். தீவாளிக்கும் பொங்கலுக்கும். போனதும் பீலியில மூஞ்சி கழுவிட்டு அண்ணாந்து பாப்பேன். எம்புட்டு ஒசரமா வந்திட்டா தெரியுமா? இப்ப என் தோளுக்கு மேல."

அவள் செடியைச் சொல்கிறாளா குழந்தையைச் சொல்கிறாளா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

குழந்தைக்குக் குழி வெட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமனார், அவர் இறந்துவிட்டார். மற்றவர் அவளுடைய கணவர். வெளிநாட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கே வேறொரு குடும்பம் இருப்பதாகக் கேள்வி.

குவாரிப் பேச்சு அடிபடத் தொடங்கியதும், ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் அவள் என்னிடம் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் எடுத்து வாசித்தேன். குவாரியின் எல்லைக் கோடு அந்தச் சரிவையும் சேர்த்து வளைத்திருந்தது. சரிவைப் பற்றி ஒரு வரி: நிரந்தரக் கட்டுமானம் எதுவும் இல்லாத புதர்நிலம். அவள் அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"பொதருன்னா எழுதியிருக்கான்?"

"ஓம்."

கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோட்ட கொஞ்சம் மேல தள்ளிப் போடச் சொல்லணும் மிஸ். முடியாதுன்னா, புள்ளைய எடுத்துக்கிட்டுப் போக விடணும். எடுத்துத் தந்தாப் போதும். மலைய அவங்களே வச்சிக்கிடட்டும்."

அதைச் சொல்லத்தான் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தாள். மதியப் பார்சல்களைக் கொடுத்து முடித்து, குளித்து, தலை ஈரம் காயாமலே கொண்டை போட்டு வந்திருந்தாள்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் மண்ணியல் படித்த ஒருவர் பேசினார். பாறையை வெடி வைத்து உடைத்தால் கீழே உள்ள சரிவு தளரும், பெருமழையில் லயத்தின் மேல் வரும் என்றார். அடுத்தவர் ஊற்றைப் பற்றிச் சொன்னார். கொழும்பு குடிக்கிற தண்ணீர் அந்த மலைகளில் தொடங்குகிறது என்றதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து இருந்தார்கள். இன்னொருவர் சிறுத்தைகளின் வழித்தடத்தைப் பற்றிப் படங்களோடு பேசினார். கடற்கரைப் பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வெள்ளவத்தையில் எல்லாக் கூட்டங்களும் அப்படித்தான்.

கிராண்ட்பாஸில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் கையைத் தூக்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நான் ஒரு கேள்வி மட்டும் கேக்குற. நீங்க எல்லாரும் ஈக்கிற ஃபிளாட் எல்லாம் என்னத்தால கட்டின? பப்படத்தாலயா?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இந்த ஒழுங்கையால வரக்குள்ளயே நாலு பில்டிங் எழும்புற பாத்த நான். கல்லு வாணாம்னு சொல்றவங்க ஐஞ்சாம் மாடியில இருந்துதான் சொல்றாங்க. கல்லு எங்கயிருந்தோ வரத்தானே வேணும். எங்கட ஊட்டுப் பக்கத்து மலையில வாணாம், வேற யாருட மலையிலயாவது உடைங்கன்னு சொல்றதா?"

"ஐயா, அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் ஆசிரியை.

"சொல்லல்ல மிஸ். ஆனா ஃபிளாட் வாங்குறாங்க."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். பின்வரிசையில் இன்னொரு தடவை சிரிப்பு எழுந்தது.

அதே தோட்டத்தில் பிறந்து வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் ஒருவரும் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். எழுந்ததும் முதலில் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரமா கேட்டுக்கிட்டு இருக்கேன். சிறுத்தையப் பத்திப் பேசினீங்க, தண்ணியப் பத்திப் பேசினீங்க. சந்தோசம். நாங்க அந்த லயத்துல நாலு தலமுறையா இருக்கோம். அந்தக் கூர ஒழுகுறதப் பத்தி இந்த ஹோல்ல ஒரு கூட்டம் போட்டிருக்கீங்களா? குவாரி வந்தா லயத்த எடுத்துட்டு ஊடு கட்டித் தாரேங்குறான். அது பொய்யாவும் இருக்கலாம். ஆனா அவன் ஒருத்தன்தான் ஊடுங்குற வார்த்தையையே சொன்னான்."

"தம்பி, வெடி வைச்சா அந்த வீடே இருக்காதெல்லோ," என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

"இருக்குற ஊட்டுல நீங்க ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க சேர். அப்புறம் பேசலாம்."

ஆசிரியை மேசையில் தட்டினார். "ஒவ்வொருத்தரா கதையுங்கோ. எல்லாருக்கும் நேரம் தருவம்."

நிறுவனத்தின் சார்பில் ஓர் இளம் பொறியியலாளர் வந்திருந்தார். சிங்களவர். கேள்விகளைக் குறித்துக்கொண்டு, தெரிந்ததற்குப் பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அப்படிப்பட்டவரை அனுப்புவார்கள் என்று மண்டபத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரைத் திட்டுவதற்கு ஆயத்தமாக வந்த இரண்டு பேர் திட்டாமலே உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வணக்கங்க. அந்த எடம் பொதரு இல்லீங்க. அது எங்க ஆளுங்களப் பொதைக்கிற எடம். ஒவ்வொரு செடியும் ஒரு ஆளு. எம் புள்ளையும் அங்க இருக்குங்க. மஞ்சக் குரோட்டன். கோட்டத் தள்ளிப் போடுங்க. இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போக விடுங்க. அம்புட்டுத்தான்."

அதற்கு மேல் அவளிடம் எதுவும் இருக்கவில்லை. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை. வத்தளையிலிருந்து வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பொறியியலாளர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். அறிக்கைக்கான படங்கள் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவை, அந்த இடம் இடுகாடு என்று தங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றார். போன வாரம் பரிசோதனைக் குழு போனபோது டிரோனில் எடுத்த படங்கள் தன் மடிக்கணினியில் இருப்பதாகவும், இடத்தைக் காட்டினால் இப்போதே குறித்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரு தனிக் கல்லறை என்றால் எல்லையை வளைத்துப் போடுவதுகூட முடியாத காரியம் இல்லை என்றார். அதையும் நான் தமிழில் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலை முடிந்தது என்று நினைக்கிற ஒருவருடைய முகம்.

படம் மாறியது. மேலிருந்து நேராகக் கீழ் நோக்கி எடுத்தது, வெயிலில், மிகத் தெளிவாக. பாறை தெரிந்தது. தேயிலை தெரிந்தது. நடுவில் சரிவு, வெட்டிச் சுரண்டிய சிவந்த மண்ணாக இருந்தது. புல்லும் இல்லை. ஓரங்களில் கற்களை வரிசையாக அடுக்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கீழ் மூலையில் சீமெந்து மேடைகள் இரண்டு, அவற்றுக்கும் புதுச் சுண்ணாம்பு. வேறு எதுவும் இல்லை.

"கோ அக்கே, பென்னன்ன," என்றார் பொறியியலாளர். எங்கே அக்கா, காட்டுங்கள் என்று. கையில் இருந்த சிவப்பு ஒளிப்புள்ளியைத் திரையில் போட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் திரைக்குக் கிட்டே போனாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. சிவந்த மண்ணின் ஒரு பகுதி அவளுடைய சேலையில் தெரிந்தது. இடமிருந்து வலம் ஒரு முறை பார்த்தாள். பிறகு வலமிருந்து இடம்.

"இது வேற எடம் மிஸ்," என்றாள்.

நான் பொறியியலாளரிடம் கேட்டேன். அவர் படத்தைச் சுருக்கி லயத்தைக் காட்டினார். பீலி தெரிந்தது. கோவில் தெரிந்தது. அதே இடம்தான்.

அவள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். நானும் போனேன். கூப்பிட்டது அண்ணனை. அண்ணன் தோட்டத்தில்தான் இருக்கிறார், கோவில் கமிட்டித் தலைவர். குழந்தை இறந்த காலத்தில் அவரும் கொழும்பில், தெமட்டகொடையில் வேலை செய்தார். அடக்கத்துக்கு அவராலும் போய்ச் சேர முடியவில்லை. அவளுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"அண்ணே, மேல செடியெல்லாம் எங்க?"

"படத்தப் பாத்தியா தங்கச்சி? எப்பிடி இருக்கு? நம்ம பயலுக முப்பது பேரு, ரெண்டு நாளு, சிரமதானம். கோவில் மாதிரி ஆக்கிட்டோம்ல."

"செடி எங்கண்ணே?"

"நீதானே சொன்ன. பொதருன்னு எழுதியிருக்கான்னு. பெரிய ஆளுங்க பாக்க வாராங்க, பொதரு கெடந்தா பொதருன்னுதானே எழுதுவான்? ஒரு பொட்டுப் பொதரு இல்லாமப் பண்ணிட்டோம். சுண்ணாம்பு அடிச்சு, கல்லு அடுக்கி... வந்தவங்களே சொன்னாங்க, ரொம்பச் சுத்தம்னு."

அவள் சுவரில் கையை வைத்துக்கொண்டாள்.

"மஞ்சச் செடி..."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று வந்து போனது. அது போன பிறகு அவள் கேட்டாள்.

"வேராச்சும் இருக்காண்ணே?"

"வேரோட எடுத்துட்டோம் தங்கச்சி. இல்லாட்டி மறுபடி மொளைக்கும்ல." அவர் குரல் இறங்கியிருந்தது. "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு எரிச்சிட்டோம்."

தோட்டத்தில் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கூட்டுவார்கள். துரை வந்தாலும், வைத்தியர் வந்தாலும், வாக்குக் கேட்டு வந்தாலும் பாதையைச் செதுக்கி, கல் அடுக்கி, சுண்ணாம்பு அடிப்பார்கள். அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த முப்பது பேரில் யாரும் இடுகாட்டுக்குக் கேடு நினைத்தவர்கள் இல்லை. அவர்கள் எல்லோரும் ஆண்கள். அங்கே போய் வருகிறவர்கள். குழி வெட்டுகிற நேரத்தில் மட்டும் போய், வெட்டி மூடிவிட்டு வருகிறவர்கள். கீழே பீலியில் நின்று அந்தச் சரிவை ஒவ்வொரு நாளும் பார்த்தவர்கள் பெண்கள். சிரமதானத்தன்று பெண்கள் லயத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புகை எழும்பிய பிறகுதான் சிலர் பீலிக்கு ஓடினார்கள் என்று பின்னால் தெரியவந்தது.

நாங்கள் மண்டபத்துக்குள் திரும்பியபோது பேச்சு மறுபடி ஊற்றுக்குப் போயிருந்தது. ஆசிரியை அவளைப் பார்த்து, "இடத்தைக் காட்டினீங்களே அம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் முடியும்வரை இருந்தாள். தந்த பிஸ்கட்டைக் கைலேஞ்சித் துணியில் மடித்து வைத்துக்கொண்டாள். வெளியே வந்து முச்சக்கர வண்டிக்கு நிற்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"அண்ணன ஒண்ணும் சொல்லக் கூடாது மிஸ். நான்தானே சொன்னேன், பொதருன்னு."

மறுநாள் பத்திரிகையில் செய்தி உள்பக்கத்தில் வந்தது. தலைப்பில் சிறுத்தை இருந்தது. இடுகாடு கடைசிப் பந்தியில், 'மயானப் பிரச்சினை குறித்தும் கருத்துத் தெரிவிக்கப்பட்டது' என்று. இடம் போதாவிட்டால் நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

பொறியியலாளரிடம் பழைய படங்களைக் கேட்டேன். சரிவில் செடிகள் இருந்த காலத்துப் படம் அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது, கூட்டத்தின் தொடக்கத்தில் திரையில் பார்த்த அந்த மூடுபனிப் படம். அதன் முழு அளவுப் பிரதியை அனுப்பி வைத்தார். கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளுக்குக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து, என் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மூடுபனியில் சிவப்பு எது மஞ்சள் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கப் பெரிதாக்கச் செடிகள் சதுரம் சதுரமாக உடைந்தன.

"இதா இருக்குமோ?" என்றாள். பிறகு வேறொன்றைத் தொட்டு, "இல்ல, இது" என்றாள்.

பக்கத்து அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. நிபந்தனைகளோடு அனுமதி. ஊற்றைச் சுற்றி ஒரு வட்டத்தை விட்டுவிட வேண்டும். சிறுத்தைகளின் வழித்தடத்தில் கை வைக்கக் கூடாது. பகலில் குறித்த நேரங்களில் மட்டும் வெடி. லயத்துக்குப் பதிலாக வீடு கட்டும் வேலை இரண்டாம் கட்டத்தில். இடுகாட்டில் அடையாளம் காணக்கூடிய கல்லறைகளை நிறுவனச் செலவில் கீழே ஒரு புதிய நிலத்துக்கு மாற்றலாம். வெள்ளவத்தையில் கூட்டம் நடத்தியவர்கள் இதைப் பாதி வெற்றி என்றார்கள். அவர்கள் சொன்னது பிழையில்லை. ஊற்று தப்பியது. கிராண்ட்பாஸ் வியாபாரியை ஒரு நாள் பஸ் தரிப்பில் கண்டேன். "அந்தப் புள்ளட விசயம் என்ன ஆன மிஸ்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இடம் மாற்றுகிற நாளுக்கு அவள் போனாள். நான் போகவில்லை. வந்த பிறகு, மதியப் பார்சல் கட்டிக்கொண்டே சொன்னாள். ஒரு கையால் சோற்றை அள்ளி வைப்பாள், மறு கையால் தாளை மடிப்பாள், வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

"நான் பீலியில நின்னேன் மிஸ். அண்ணன் மேல நின்னாரு. கொடைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நடக்கச் சொன்னேன். போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன், இன்னும் மேல, இன்னும் வலப்பக்கம், இல்ல கீழன்னு. எனக்குக் கண்ணுக்குள்ள இருக்கு எடம். ஆனா சுத்தி எதுவுமே இல்லையே. சிவப்புக் குரோட்டனுக்கு வலப்பக்கம்தான் எனக்குத் தெரியும். செம்பருத்திக்குக் கீழதான் தெரியும். வெறும் மண்ணுல எது வலது எது கீழ?"

"பிறகு?"

"ஒரு எடத்துல நில்லுங்கன்னேன். நின்னாரு. தோண்டினாங்க. கல்லுதான் வந்திச்சு. அப்புறம் நான் மேல போயிட்டேன் மிஸ். பொம்பளைங்க வரக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல. லயத்துப் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு என் பின்னாடியே வந்தாங்க. அவங்கவங்களும் அவங்கவங்க ஆளத் தேடினாங்க. அங்க நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியல. பீலியில இருந்து பாத்தாத்தான் தெரியும் எங்களுக்கு."

ஒரு பார்சலைக் கட்டி முடித்து அடுக்கினாள்.

"இன்னொரு எடம் காட்டினேன். தோண்டினாங்க. எலும்பு வந்திச்சு."

அடுத்த தாளை எடுத்து விரித்தாள்.

"பெரிய ஆளு. பல்லு எல்லாம் வெத்தலக் கற. யாருன்னு தெரியல. அண்ணன் வேட்டிய அவுத்துப் போட்டு மூடினாரு. திரும்ப மண்ணப் போட்டுச் சூடம் காட்டினோம். அதுக்கு மேல தோண்ட வேணாம்னுட்டேன். இன்னொருத்தரு புள்ளைய நான் எடுத்துக்கிட்டு வந்து என்ன செய்ய?"

அண்ணன் அன்று முழுக்க அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னாள். பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, "தண்ணிப் போத்தல் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாராம். பஸ் எடுக்கும்வரை அதையே இரண்டு மூன்று தரம் கேட்டாராம்.

ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எஞ்சியிருந்த தாள்களை மடித்துக் கொடுத்தேன். பார்சல்களைக் கூடையில் அடுக்கி, துணியால் மூடி, அவள் வழமையான நேரத்துக்கு வெளிக்கிட்டாள். ஒழுங்கை முனைவரை நானும் கூடப் போனேன். தேவாலயப் பக்கத்தில் பாதையைத் தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த கருங்கல் ஒரு குவியலாகக் கொட்டியிருந்தது. அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அதைச் சுற்றி நடந்து போனாள்.

சீமெந்து மேடை கட்டியிருந்த இரண்டு கல்லறைகளும் புதிய நிலத்துக்கு மாற்றப்பட்டன. துளையிடும் இயந்திரம் அடுத்த திங்கட்கிழமை சரிவில் ஏற்றப்பட்டது.